சிக்கமோர் தெருவில் ஒரு முகம்

என் புருஷன் செதுக்கும் பரங்கிக்காய் முகத்தை இன்னொருத்தி வீட்டு வாசலில் நான் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். மகள் ஹேட்டியைப் பியானோ வகுப்பில் விட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் போகிற சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அதனால்தான் சிக்கமோர் தெருவுக்குள் வண்டியைத் திருப்பினேன். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் எதையும் பேசியிருக்க மாட்டோம்.

அக்டோபரில், ஹாலோவீனுக்காக, எங்கள் ஒஹையோ ஊரில் பரங்கிக்காய் இல்லாத வாசல் கிடையாது. தெருவுக்கு நாற்பது முகம் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆனால் அந்த வெள்ளை வீட்டின் படியில் இருந்த முகத்துக்கு இடது கண் வட்டம், வலது கண் வெறும் கீற்று. மேல் உதட்டிலிருந்து ஒரே ஒரு பல், கோணலாக. இடது கன்னத்தில் மட்டும் மூன்று கோடுகள். எல்லாரும் காம்பைச் சுற்றி மூடி மாதிரி அறுத்து எடுப்பார்கள். இதில் காம்பு அப்படியே இருந்தது. அடியை அறுத்துக் குடைந்து கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

அந்த முகத்தை எனக்குப் பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை மத்தியானம், என் சமையலறை மேஜையில் அதே மாதிரி ஒன்று பிறந்ததைப் பார்த்தேன். பழைய செய்தித்தாளை விரித்துப் போட்டு, நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து, கையை விட்டு நாரையும் விதையையும் வழித்தோம். விதையைக் கழுவி உப்புப் போட்டு வறுப்பது என் வேலை. ஹேட்டி ஒவ்வொரு வருஷமும் ஒரு புது முகம் வரைவாள். இந்த வருஷம் பூனை. என் புருஷன் ராய்ஸ் மட்டும் எதையும் வரைய மாட்டான். சுவர்ப்பலகை அறுக்கிற சின்ன ரம்பத்தை எடுப்பான், நேராக அறுக்க ஆரம்பிப்பான். வருஷா வருஷம் அதே முகம். ஹேட்டி அதற்குக் கோணவாயன் என்று பேர் வைத்திருந்தாள்.

"அப்பா, இது யாரு?" என்று அன்றைக்கும் கேட்டாள்.

"யாரும் இல்ல. கைக்கு வந்தது."

"அப்ப எனக்கும் சொல்லிக் குடு."

"வேண்டாம். இது என்னோடது," என்றான். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு காய்க்கு இவ்வளவு ரோஷமா என்று நான் சிரித்ததுகூட நினைவிருக்கிறது.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு அந்த வெள்ளை வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கதவு திறந்தது. நர்ஸ் உடையில் ஒரு பெண் வெளியே வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். செம்பட்டை முடி, நல்ல உயரம். காரில் ஏறும் முன் குனிந்து அந்தக் காயை நகர்த்தினாள், குழந்தையின் முகத்தைத் திருப்புகிற மாதிரி.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சாதாரணமாகக் கேட்டேன். "சிக்கமோர் தெருல ஏதாவது வேலை இருந்துதா உனக்கு?"

ராய்ஸ் வீடுகளுக்கு ஹீட்டர் பழுதுபார்க்கிறவன். குளிர் தொடங்குகிற மாதம் என்பதால் ஊரெல்லாம் அலைவான். எந்தத் தெருவைச் சொன்னாலும் அங்கே யார் வீட்டில் எந்த மிஷின், அது எப்படி இருமும் என்று சொல்வான். அன்றைக்கு, "இல்லையே, ஏன்?" என்றான்.

"சும்மா. ரோடு தோண்டியிருக்காங்க. அந்த வழியா வந்தேன்."

"ஓ," என்றான். அதற்குப் பிறகு தட்டிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

நான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். ஹாலோவீன் அன்று வேஷம் போட்டு வீடு வீடாக வரும் குழந்தைகளுக்கு எங்கள் டாக்டர் மிட்டாய்க்குப் பதில் பல் துலக்கும் பிரஷ் கொடுப்பார். குழந்தைகள் அவர் வீட்டை விட்டு எதிர்ச்சாரிக்கு ஓடும். அந்த பிரஷ்களுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டே கூட வேலை செய்கிற பெவர்லியிடம் விசாரித்தேன். ஊரில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று அவளைக் கேட்டால் போதும்.

"அந்த வெள்ளை வீடா? செப்டம்பர்ல வந்தா. ஜோனெட்டோ என்னமோ பேரு. ஆஸ்பத்திரில நர்ஸ். தனியாத்தான் இருக்கான்னு நினைக்கிறேன். ஆனா ராத்திரில ஜன்னல்ல ஆம்பளை நிழல் தெரியுதாம், எதிர்வீட்டுக்காரி சொன்னா." என்னைக் கூர்ந்து பார்த்தாள். "ஏன் கோரா, உனக்கு எதுக்கு?"

"பல்லு காட்ட வந்தாளான்னு பாத்தேன்."

"பொய் சொல்லத் தெரியல உனக்கு," என்றாள் பெவர்லி.

என்னால் பொய் சொல்ல முடியாது என்பது உண்மைதான். என் வீட்டில் அதில் தேர்ந்தவன் வேறு ஒருத்தன் என்று அந்த வாரம் தெரிந்துகொண்டேன். வியாழக்கிழமை மதிய இடைவேளையில் சிக்கமோர் தெரு வழியாகப் போனேன். அதற்குள் என் வழக்கமான ரோடு சரியாகிவிட்டது. நான் வேண்டுமென்றே போனேன். வெள்ளை வீட்டுக்கு எதிரே, ஒரு மேப்பிள் மரத்தடியில், ராய்ஸின் வேன் நின்றது. பக்கவாட்டில் அவன் பேரே பெரிய எழுத்தில் இருக்கிற வேன். மறைந்து நிற்க நினைப்பவன் அதில் வருவானா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உள்ளே அவன்தான். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்து, அந்த வீட்டையே பார்த்தபடி இருந்தான். இறங்கவில்லை. நான் தெருமுனையிலேயே திரும்பிவிட்டேன்.

"இன்னிக்கு மத்தியானம் எங்க சாப்பிட்ட?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"ஆத்துக்கு அந்தப் பக்கம். ஒரு கிழவி வீட்டுல ஹீட்டர் பத்தல."

சொன்னபோது கையைத் துண்டில் துடைத்தான். ஏற்கெனவே உலர்ந்த கை.

அதற்கடுத்து நடந்தவையெல்லாம் என் சந்தேகத்துக்கு வரிசையாக விறகு போட்டன. கோணவாயனை எங்கள் வாசலிலிருந்து எடுத்துக் கொல்லைப்புறம் கொண்டுபோய் வைத்தான். அணில் கடிக்கிறதாம். பக்கத்திலேயே இருந்த ஹேட்டியின் பூனையில் ஒரு பல் தடம்கூட இல்லை. இரண்டு முகத்தையும் யாராவது ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார்கள் என்று பயப்படுகிறான், அவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். அவன் சட்டைகளை மோந்து பார்த்தேன். எண்ணெய் வாசனையும் துரு வாசனையும்தான். போன் பில்லில் தெரியாத எண் ஒன்றும் இல்லை. இவன் கெட்டிக்காரன், போன் பண்ண மாட்டான், நேரிலேயே போவான் என்று அதற்கும் நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஆதாரம் கிடைக்காததையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் நிலைக்கு வந்திருந்தேன்.

ஹாலோவீனுக்கு முந்தின நாள் அவனே வாயைக் கொடுத்தான். "நாளைக்குக் குழந்தையக் கூட்டிட்டு நம்ம பக்கத்துத் தெருவோட நிறுத்திக்க. கிழக்குப் பக்கம் வேண்டாம்."

"ஏன், அங்க மிட்டாய் கசக்குமா?"

"இருட்டா இருக்கும்னு சொன்னேன்."

"ஆறு மணிலேர்ந்து எட்டு மணி வரைக்கும்தான் ஊர்ல அனுமதியே. போலீஸ்காரர் முனைக்கு முனை நிப்பாரு. என்ன இருட்டு?"

கிழக்குப் பக்கம்தான் சிக்கமோர் தெரு. நாளை எங்கே போக வேண்டும் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை. ஹேட்டி சோளக்கொல்லை பொம்மை வேஷம் போட்டிருந்தாள். ராய்ஸின் பழைய கட்டம்போட்ட சட்டை, கையிலும் கழுத்திலும் வைக்கோல். ராய்ஸ் வீட்டிலேயே இருந்து வருகிற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுப்பதாக ஏற்பாடு. நாங்கள் எங்கள் தெருவில் ஏழெட்டு வீடு பார்த்தோம். பிறகு அவளை வண்டியில் ஏற்றினேன்.

"அம்மா, நடந்துதானே போவோம்?"

"இன்னிக்கு ஒரு புதுத் தெரு."

வெள்ளை வீட்டுப் படியில் அந்த முகம் உள்ளே மெழுகுவர்த்தியோடு எரிந்துகொண்டிருந்தது. நான் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஹேட்டி ஓடிப்போய் அழைப்பு மணியை அடித்துவிட்டாள்.

"மிட்டாயா, வம்பா?"

கதவைத் திறந்தது ஓர் ஆண். நாற்பது வயதுக்கு மேல், மெலிந்த உடம்பு, கையில் மிட்டாய்க் கிண்ணம். "வம்பு வேண்டாம்மா, எனக்கு வயசாயிடுச்சு. மிட்டாயே எடுத்துக்க," என்றார். ராய்ஸின் குரல். கண்ணை மூடிக்கொண்டால் அவன்தான் பேசுகிறான் என்று சத்தியம் பண்ணுவேன். காதும் அதே போல் மேலே மடிந்திருந்தது.

ஹேட்டிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. காயைக் காட்டினாள். "இது கோணவாயன். எங்கப்பாவும் இதையேதான் பண்ணுவாரு. இது அவரோடது, வேற யாரும் பண்ணக் கூடாதுன்னு சொல்லிருக்காரு."

அந்த மனிதர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "உங்கப்பா பேரு என்ன?"

"ராய்ஸ் லாட்டிமர்."

அவர் மெல்லப் படியில் உட்கார்ந்துகொண்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அவன் சம்சாரமா?"

"ஆமா. நீங்க யாரு?"

"லைல்." நான் விழித்ததைப் பார்த்துவிட்டு ஒரு மாதிரி சிரித்தார். "லைல்னு ஒருத்தன் இருக்கறதாவே அவன் சொன்னதில்ல, இல்ல? அவனோட அண்ணன்."

"ராய்ஸ் ஒரே பிள்ளை," என்றேன். எவ்வளவு முட்டாள்தனமாக ஒலித்தது என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அந்த நர்ஸ் உள்ளேயிருந்து வந்து கதவில் சாய்ந்து நின்றாள். லைலின் சம்சாரம் அவள்தான். என்னை மேலிருந்து கீழ் வரை அளந்தாள். "இவங்களை வேவு பார்க்க அனுப்பிச்சானா இப்ப?" என்றாள்.

"ஜோனெட், சும்மா இரு," என்றார் லைல். "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"வேன்ல வந்து உக்காந்துட்டுப் போறவனுக்கு மட்டும் எல்லாம் தெரியுமாக்கும்."

"நாலு தடவை வந்துட்டான்," என்று லைல் என்னிடம் சொன்னார். "திரைக்குப் பின்னாடி நின்னு நானும் பார்ப்பேன். அவன் இறங்குவானான்னு நான், நான் வெளிய வருவேனான்னு அவன். பத்து நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுவான். இந்த மூஞ்சியைத் தெரியறாப்பல வெச்சதே அவனுக்குத்தான். சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணினது. எங்கப்பா குடிச்சிட்டு வந்து நிக்கற மூஞ்சி. நேர்ல அந்த ஆளைப் பாத்துச் சிரிக்க முடியாது. அதனால காய்ல செதுக்கி வெச்சுச் சிரிப்போம்."

"எதுக்காக இந்த ஊருக்கு வந்தீங்க?"

"அவனையே கேளுங்க. எங்கிட்ட கேட்டா என் பக்கத்தைத்தான் சொல்லுவேன்."

ஹேட்டியின் பையில் இரண்டு கை நிறைய மிட்டாய் அள்ளிப் போட்டார்.

வீட்டுக்கு வந்து, ஹேட்டி குளிக்கப் போன பிறகு, ராய்ஸிடம் ஒரே வார்த்தைதான் சொன்னேன். "லைல்."

அவன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் வாசலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. பிறகு சொன்னான்.

இண்டியானாவில் அவன் வளர்ந்த ஊர். அவனுக்குப் பதினாலு வயது, லைலுக்குப் பதினேழு. ஹாலோவீனுக்கு முந்தின நாள். பக்கத்துப் பண்ணைக்காரரைப் பயமுறுத்துவதற்காக, எரிகிற மெழுகுவர்த்தியோடு அந்தக் கோண முகத்தைக் கொண்டுபோய் அவருடைய வைக்கோல் கொட்டகை ஜன்னலில் வைத்தது ராய்ஸ். காற்றில் அது உள்ளே உருண்டுவிட்டது. கொட்டகை முழுக்க எரிந்தது. கன்றுகளை அவிழ்க்கப் போன வேலைக்காரனுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. போலீஸ் வீட்டுக்கு வந்தபோது ராய்ஸ் வாயைத் திறக்கும் முன் லைல் எழுந்து நின்று, நான்தான் என்றான்.

"அப்பா என்னைக் கொன்னிருப்பாரு. அவனுக்கு அது தெரியும்," என்றான் ராய்ஸ். "பதினெட்டு மாசம் சீர்திருத்தப் பள்ளில போட்டாங்க. அவன் கப்பற்படைல சேர்றதா இருந்தான். அதுவும் போச்சு."

"நீ என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணல. போய்ப் பாக்கல. அவன் வெளிய வந்தப்ப நான் படிப்பை விட்டுட்டு வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டேன்."

"இப்ப வேன்ல போய் எதுக்கு உக்காந்த?"

"அவன் எதையோ கேக்க வந்திருக்கான்னு நினைச்சேன். என்னன்னு தெரியல. ஊர்ல சொல்லப் போறானா, உங்கிட்ட சொல்லப் போறானா. தெரியாம எப்படி இறங்கறது?"

பெண் விவகாரம் இல்லை என்ற நிம்மதி எனக்குள் ஒரு பத்து விநாடி இருந்திருக்கும். பிறகு அதுவும் வடிந்துவிட்டது. பெண் விவகாரமாக இருந்தால் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். என் அம்மா செய்திருக்கிறாள், என் அத்தை செய்திருக்கிறாள். உயிரோடு இருக்கிற அண்ணனை இல்லவே இல்லை என்று பன்னிரண்டு வருஷம் சொன்னவனை என்ன செய்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"நாளைக்குப் போறோம்," என்றேன். "நீ இறங்கற. நான் கூட வரேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு லைல் கதவைத் திறந்தார். தம்பியை நிதானமாகப் பார்த்தார்.

"இன்னிக்கு வேன்ல ஹீட்டர் வேலை செய்யலையா? இறங்கிட்ட?"

ராய்ஸ் ஏதோ ஆரம்பித்தான். மன்னிப்பு என்ற சொல் பாதியில் சிக்கிக்கொண்டது. லைல் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான்தான்னு சொன்னது என் இஷ்டம். அதுக்கு நீ மன்னிப்புக் கேக்க வேண்டாம். பதினெட்டு மாசத்துல ஒரு கடிதாசு போடலியே, அதுக்கு வேணா கேளு."

உள்ளே போய் உட்கார்ந்தோம். ஜோனெட் தனக்கு மட்டும் காபி ஊற்றிக்கொண்டு வந்து எதிரில் அமர்ந்தாள். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் செய்தது சரி என்றுதான் எனக்குத் தோன்றியது.

"நீ என்ன கேக்கணும்னு வந்திருக்க, லைல்? சொல்லிடு," என்றான் ராய்ஸ்.

"ஒண்ணும் கேக்க வரல. சொல்ல வந்தேன்." லைல் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். உள்ளே கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகள், உறையோடு. எல்லா உறையிலும் ராய்ஸின் கையெழுத்து. அனுப்பியவர் முகவரி எதிலும் இல்லை. எங்கள் ஊர் அஞ்சல் முத்திரை மட்டும் தெளிவாக விழுந்திருந்தது. "இதை வெச்சுத்தான் இந்த ஊரைக் கண்டுபிடிச்சேன். நீ அம்மாவுக்குப் போட்டதுல கடைசி ரெண்டும் பிரிக்காம இருக்கு பாரு. அது என் கைக்குத்தான் வந்துது. அம்மா போய் ரெண்டு வருஷம் ஆச்சு, ராய்ஸ். பிப்ரவரில. உனக்குச் சொல்ல விலாசம் இல்ல."

ராய்ஸின் முகம் எப்படி மாறியது என்று நான் பார்த்தேன். அவனுக்கு அது அப்போதுதான் தெரிகிறது. அம்மா உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்துப் போன டிசம்பரில்கூட அட்டை அனுப்பியிருக்கிறான்.

எனக்கு அதே நிமிஷத்தில் வேறொன்று தெரிந்தது. எங்கள் கல்யாணத்துக்கு முன், ஓர் ஓட்டல் மேஜையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா அம்மா இரண்டு பேருமே போய்விட்டார்கள் என்று சொன்னான். நான் அழுதேன். அவனுக்காக அழுதேன். அந்த அம்மா அப்போது இண்டியானாவில் உயிரோடு இருந்தாள். ஹேட்டி பிறந்தபோதும் இருந்தாள், பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோதும் இருந்தாள்.

"ஏன்?" என்றேன்.

ராய்ஸ் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னான். "நீ அம்மாவைப் பாத்தா, அவ முதல்ல லைலைப் பத்தித்தான் பேசுவா. அதனால."

ஜோனெட் எழுந்து போய் இன்னொரு கோப்பை காபி ஊற்றி என் முன்னால் வைத்தாள். எனக்கு மட்டும்.

அந்த மாதம் முழுக்க அவன் சோபாவில் படுத்தான். நான் சண்டை போடவில்லை. "இன்னும் ஏதாவது இருந்தா இப்பவே சொல்லு, நான் எழுந்து போக மாட்டேன்," என்று மட்டும் கேட்டேன். "இல்ல," என்றான். நம்பினேனா என்று கேட்டால், அவன் பேசும்போதெல்லாம் அவன் கையைப் பார்க்க ஆரம்பித்திருந்தேன். லைலும் அவனும் இரண்டு தடவை சந்தித்தார்கள். ஒரு தடவை பேசினார்கள், ஒரு தடவை சேர்ந்து லைலின் வீட்டு ஹீட்டரைக் கழற்றிப் பூட்டினார்கள். எதில் அவர்களுக்கு அதிகம் பலன் என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி சொல்லும் பண்டிகைக்கு மறுநாள் எல்லாரும் இண்டியானாவுக்குப் போனோம். கல்லறைத் தோட்டத்தில் புல் மேல் உறைபனி இருந்தது. மற்றவர்கள் தள்ளி நின்றபோது நான் நேராகக் கல்லருகே போய்க் குனிந்து, கையுறையால் பனியைத் துடைத்துத் தேதியைப் படித்தேன். லைல் சொன்ன பிப்ரவரிதான், அவர் சொன்ன வருஷம்தான். நான் சரிபார்த்ததை ராய்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"இவங்களுக்கு என்னைத் தெரியுமா?" என்று ஹேட்டி கேட்டாள்.

லைல் தம்பியைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் முந்திக்கொண்டு பதில் சொல்லவில்லை.

"தெரியாது," என்றான் ராய்ஸ். "நான் சொல்லல. என் தப்பு."

ஹேட்டி கொஞ்சம் யோசித்தாள். பிறகு கல்லுக்கு முன்னால் நின்று தன் முழுப்பேரையும், வயதையும், எந்த வகுப்பு என்பதையும் சத்தமாகச் சொன்னாள். திரும்பும்போது அவள் லைலின் வண்டியில் ஏறிக்கொண்டாள். நான் ராய்ஸின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐந்து மணி நேரப் பயணம். மாநில எல்லையைத் தாண்டிய பிறகு, "உங்கம்மா பேரு என்ன? கல்லுல இருக்கற பேரு இல்ல, வீட்டுல எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டேன்.

அவன் சொன்னான். வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான்.